மீன் சோறு மட்டும் போதுமா?

ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ் வீட்டுப் பூனை என்ன சாப்பிடும்? பெரும்பாலும் அவித்த கெம்போங் மீன், அதோடு பிசைந்த சோறு. நாய்க்கு மிஞ்சிய சோறு, கொஞ்சம் குழம்பு, கோழி எலும்பு. இப்போது பல வீடுகளில் கடையில் வாங்கும் ‘பிஸ்கட்’டும் சேர்ந்துவிட்டது. எல்லாம் அன்போடு போடுவதுதான். ஆனால் தட்டு காலியாகிவிட்டது என்பதற்காக உணவு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வயிறு நிறைந்த பிராணிக்கும் சத்துக்குறை இருக்கலாம். அது வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

தடுப்பூசிக்காகக் கிளினிக்குக்குப் போனால்கூட மருத்துவர் ஏன் “என்ன சாப்பாடு போடுறீங்க?” என்று கேட்கிறார்? உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, வலி ஆகிய நான்கோடு ஐந்தாவதாக உணவையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என்று உலகச் சிறு பிராணிகள் கால்நடை மருத்துவச் சங்கம் 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எனவே அந்தக் கேள்விக்கு “எல்லாம் சாப்பிடும் டாக்டர்” என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். காலையில் என்ன, மாலையில் என்ன, பக்கத்து வீட்டில் என்ன என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோய்க்கான காரணம் பல நேரங்களில் அந்தப் பட்டியலில்தான் கிடைக்கும்.

நாய்க்கும் பூனைக்கும் ஒரே சாப்பாட்டைப் போடலாமா? கூடாது. நாய் மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து மாவுச்சத்துக்குப் பழகிய பிராணி. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு பல மடங்கு கூடுதலாக இருப்பதை 2013இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால் சோறு நாய்க்குப் பகையில்லை. பூனையின் கதை வேறு. அது கட்டாய ஊனுண்ணி (இறைச்சி இல்லாமல் உயிர்வாழ முடியாத பிராணி). காய்கறியிலிருக்கும் நிறமியை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலால் அது முடியாது. போதிய புரதம் கிடைக்காவிட்டால் அது தன் தசையையே கரைத்து எரிக்கத் தொடங்கும்.

இதில் டாரின் (இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஒரு சத்து) என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூனையின் உடல் இதைப் போதிய அளவு தயாரிக்காது. குறைந்தால் கண்பார்வை கெடும், இதயத் தசை தளர்ந்துபோகும். 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோன் என்ற மருத்துவரும் அவரோடு பணியாற்றியவர்களும் இதயம் வீங்கித் தளர்ந்திருந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்தபோது இதயம் தேறி வந்தது. அந்தப் பூனைகள் சோறு தின்றவை அல்ல. கடையில் விற்ற பூனை உணவைத் தின்றவை. அதன் பிறகுதான் உற்பத்தியாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். இன்று நல்ல பாக்கெட் ஒவ்வொன்றிலும் டாரின் சேர்த்திருப்பதற்கு அந்தக் கண்டுபிடிப்பே காரணம்.

அப்படியானால் கெம்போங் மீன் போதாதா, அதுவும் மாமிசம்தானே? மீனில் டாரின் உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரையும் சத்து. மீனை அவித்து நீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது. சோற்றின் அளவு கூடக்கூட மிச்சமிருப்பதும் குறைகிறது. இன்னொன்று, முள்ளை எடுத்துவிட்டு வெறும் சதையைப் போட்டால் சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய இல்லை. முள்ளோடு போட்டால் தொண்டையில் குத்தும். நாள் முழுக்க, ஆண்டு முழுக்க மீன் மட்டுமே தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து உடல் கொழுப்பில் அழற்சி வரலாம். தொட்டாலே வலியில் அலறும்.

பச்சை மீன்? சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் சுத்தம் செய்யும்போது கழித்ததை வாங்கிவந்து அப்படியே போடுபவர்கள் உண்டு. நெத்திலி போன்ற சில மீன்களில், பச்சையாக இருக்கும்போது, வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் ஒரு நொதி (உடலில் வேதிமாற்றத்தை நடத்தும் பொருள்) இருக்கிறது. தொடர்ந்து தின்றால் பூனையின் தலை கவிழ்ந்துபோகும், நடை தள்ளாடும், வலிப்பும் வரலாம். அவித்தால் அந்த நொதி அழிந்துவிடும். காய்ந்த நெத்திலியில் வேறு சிக்கல்: உப்பு.

மீனை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் ஓரிரு நாள், முள் எடுத்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் இல்லாமல் அவித்து, அவித்த நீரையும் சேர்த்து, வழக்கமான முழுமையான உணவோடு கொஞ்சமாகக் கொடுங்கள். விருந்தாக இருக்கட்டும், அடிப்படை உணவாக வேண்டாம்.

தைப்பூச விரதக் காலத்தில் பல வாசகர்களுக்கு ஒரு சங்கடம் வரும். தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர் வீட்டில் வாரக்கணக்கில் அடுப்பில் மீன் ஏறாது. பூனைக்கும் தயிர்ச்சோறு போட்டுப் பழக்கலாமா? வேண்டாம். விரதம் உங்களுடையது, பூனையின் உடலுக்கு அதைத் தாங்கும் வழி இல்லை. சமைக்காமலே போடக்கூடிய பிஸ்கட்டும் டின்னும் இருக்கின்றன. பூஜை அறைக்கும் சமையலறைக்கும் எட்டத்தில், பின்கட்டில் ஒரு தட்டு வைத்தால் வீட்டின் சுத்தமும் கெடாது, பூனையும் இளைக்காது. நாய்க்கு முட்டை, பருப்பு, சோறு என்று சில நாள் ஓட்டலாம். அதுவே நிரந்தரம் என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பிராணியின் தேவைக்கேற்ற உணவு கொடுப்பது உரிமையாளரின் கடமை என்று மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது.

அடுத்தது குழம்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலில் தினமும் விழும் பொருள்களே இவற்றுக்கு ஆகாதவை.

வெங்காயமும் பூண்டும் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே போதும். அதாவது 4 கிலோ பூனைக்கு 20 கிராம், இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நாய் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் போனால் அதற்கும் ஆபத்து. வதக்கினாலும் கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது. குழம்பில் வெங்காயத் துண்டு தெரியாவிட்டாலும் சாறு இருக்கும். தின்ற உடனே ஒன்றும் ஆகாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுத்து வரும், சோர்ந்து படுக்கும். அப்போது யாருக்கும் போன வாரத்து நாசி கண்டார் பொட்டலம் நினைவுக்கு வராது.

புளி பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது நெடுநாளாகத் தெரியும். காரணம்தான் தெரியாமல் இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலம் புளியில் மிகுதி. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. மீன்குழம்புச் சட்டியை நாய்க்கு வழித்துப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தீபாவளிப் பலகாரத்தில் கிடக்கும் உலர்ந்த திராட்சைக்கும் இதுவே பொருந்தும்.

சாக்லேட், கோப்பித்தூள், சைலிட்டால் (சர்க்கரை இல்லாத மிட்டாயில் போடும் இனிப்பு) மூன்றும் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பாலிக் புலாவ் டுரியான் பருவத்தில் கொட்டைகளை எட்டாமல் வையுங்கள். மாங்கொட்டையைப் போலவே அதுவும் குடலை அடைத்துக்கொள்ளும். உணவு அல்ல என்றாலும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

“எங்கள் நாய் பத்து வருஷமாக இதையெல்லாம் தின்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். சில நாய்கள் தாங்கிவிடுகின்றன. எது தாங்கும், எது தாங்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை என்பதுதான் பிரச்சினை.

பால்? வளர்ந்த பூனை, நாய் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்காகும். நாய்க்கு ஒரு கரண்டி தயிர் பரவாயில்லை. தாகத்துக்குத் தண்ணீர்தான்.

எவ்வளவு போடுவது? எடையை வைத்து ஒரு தொடக்கக் கணக்கு போடலாம். கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 630 கலோரி (உணவு தரும் ஆற்றலின் அளவு). அப்படிப்பட்ட 4 கிலோ பூனைக்கு ஏறத்தாழ 240. பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருக்கும். 100 கிராமுக்கு 350 கலோரி என்றால் அந்த நாய்க்கு நாள் முழுவதற்கும் 180 கிராம். 100 கிராமுக்கு 380 கலோரி என்றால் அந்தப் பூனைக்குச் சுமார் 63 கிராம். குவளையால் அள்ளாமல் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இதுவரை எவ்வளவு கூடுதலாகப் போட்டோம் என்று பலர் அப்போதுதான் உணர்கிறார்கள்.

தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. காலையில் கடையில் நீங்கள் சாப்பிடும் ரொட்டி சானாய் ஒன்றில் சுமார் 300 கலோரி இருக்கிறது. பாதியைப் பிய்த்து அந்த 10 கிலோ நாய்க்குப் போட்டால், அதன் ஒருநாள் உணவில் கால்பங்கை அதிலேயே கொடுத்துவிட்டீர்கள்.

கணக்கைவிட உங்கள் கையே நம்பகமான அளவுகோல். பிராணியின் விலா எலும்பை மெல்லத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையை விரித்துவைத்து விரல் எலும்புகளைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தால் சரியான உடல். மடக்கிய முட்டியைத் தடவுவது போலிருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பே அகப்படாவிட்டால் கொழுப்பு. மருத்துவர்கள் இதையே 1 முதல் 9 வரை புள்ளியிட்டுச் சொல்கிறார்கள், 5 நல்லது. அடுத்த முறை உங்கள் பிராணிக்கு எத்தனை புள்ளி என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் குண்டாக இருந்தால் என்ன, பார்க்க அழகுதானே? 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவான உணவு. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவலியும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதல் வாழ்வு, ஒரு ரிங்கிட் மருந்துச் செலவில்லாமல்.

கருத்தடை செய்தபின் பசி கூடும், தேவை குறையும். அறுவை முடிந்த வாரத்திலேயே அளவைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். குண்டுப் பூனையை மட்டும் ஒரேயடியாகப் பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனையின் உடற்கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலைச் செயலிழக்கச் செய்யும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘கம்ப்ளீட்’ என்றிருந்தால் அது மட்டுமே முழு உணவாகப் போதும். ‘காம்ப்ளிமென்டரி’ என்றிருந்தால் அது துணை உணவு. அதை மட்டுமே கொடுத்தால் சத்துக்குறை வரும். பூனைகள் நக்கி நக்கித் தின்னும் குழைவான குச்சிப் பாக்கெட்டுகளும், வெறும் மீன்துண்டு மிதக்கும் பல டின்களும் இந்த இரண்டாம் வகை. எந்த வயதுக்கானது என்பதையும் பாருங்கள். குட்டிக்குக் குட்டி உணவு, ஒரு வயதுவரை. பெரிய இன நாய்க்குட்டிக்கு அதற்கென்றே உள்ளது, ஏனென்றால் அதற்குச் சுண்ணாம்புச்சத்து கூடினாலும் எலும்பு கோணும்.

டின்னில் புரதம் 10 விழுக்காடு, பிஸ்கட்டில் 30 விழுக்காடு என்றால் பிஸ்கட்தான் உயர்ந்ததா? இல்லை. டின்னில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் டின்னில்தான் புரதம் கூடுதலாக இருக்கும். பூனை இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பிராணி என்பதால், நாளுக்கு ஒருவேளையாவது ஈர உணவு கொடுப்பது அதன் சிறுநீர்ப்பைக்கு நல்லது.

தானியமில்லாத உணவு உயர்ந்தது என்கிறார்களே? விலை உயர்ந்தது, அவ்வளவுதான் உறுதி. பட்டாணியும் பயறும் அதிகம் சேர்த்த அத்தகைய நாய் உணவுகளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது. இறுதி முடிவு எட்டப்படவில்லை.

பினாங்கின் வெப்பமும் ஈரப்பதமும் வேறு ஊர்ப் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அறிவுரையை மாற்றிவிடுகின்றன. மூட்டையைப் பிரித்தபின் அதன் கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கெடுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். சில பூஞ்சைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். மலிவு என்று 15 கிலோ மூட்டை வாங்கிச் சின்ன நாய்க்கு மூன்று மாதம் போடுவது சிக்கனமே அல்ல. ஒரு மாதத்தில் தீரும் அளவு வாங்குங்கள், வாய் மடித்த பையோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஈர உணவைத் தட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் எறும்பும் ஈயும் வந்துவிடும்; எடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே சமைத்துப் போட விரும்பினால்? முடியும், ஆனால் கைக்கணக்கில் அல்ல. நாய்க்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 200ஐ டேவிஸ் ஆய்வாளர்கள் 2013இல் ஆராய்ந்தபோது 95 விழுக்காட்டில் குறைந்தது ஒரு முக்கியச் சத்தாவது போதவில்லை. கோழியும் சோறும் கேரட்டும் பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். அதில் சுண்ணாம்புச்சத்து, துத்தநாகம், வைட்டமின் டி எங்கே? வெறும் இறைச்சி தின்று வளரும் குட்டியின் எலும்பு, சுண்ணாம்புச்சத்து இல்லாமல், குதித்தாலே முறியும். ஈரலையே தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து பூனையின் கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும். செய்முறையை மருத்துவரிடம் எழுதி வாங்கி, சொன்ன சத்துப்பொடியைச் சேர்த்து, சொன்ன எடையில் செய்யுங்கள். செலவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கால்பங்கு புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும் மாற்றுங்கள்.

நோய் வந்தால் உணவே மருந்தின் ஒரு பகுதியாகிவிடும். சிறுநீரகம் தளர்ந்த முதிய பூனைக்குப் பாஸ்பரஸ் (எலும்புக்குத் தேவையான தாது, சிறுநீரகம் தளர்ந்தால் உடலில் தேங்கும்) குறைந்த உணவு, சிறுநீரில் கல் கட்டும் பூனைக்குக் கல்லைக் கரைக்கும் உணவு, நீரிழிவுப் பிராணிக்கு வேறு. இந்த மருத்துவ உணவுகளை அக்கம்பக்கத்தார் சொல்லி வாங்காதீர்கள். ஒரு நோய்க்கு நல்லது இன்னொன்றுக்குத் தீங்கு. மருத்துவ உணவு போடும்போது கூடவே மீன்துண்டு கொடுத்தால் பலன் கெட்டுவிடும், அதையும் வீட்டிலுள்ள எல்லோருக்கும், குறிப்பாகத் தாத்தா பாட்டிக்குச் சொல்லிவையுங்கள். நாய்க்குச் சாதாரண வயிற்றுப்போக்கு என்றால் தோலில்லாத கோழியும் குழைந்த சோறும் உப்பில்லாமல் இரண்டு மூன்று நாள் போதும். இரத்தம் கலந்தாலோ குட்டியாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

தெருப் பூனைகளுக்கு உணவு வைப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. 2013 ஜார்ஜ்டவுன் விழாவுக்காகத் தெருவிலங்குகளின் நிலையைச் சொல்லிச் சுவர்களில் பூனைகளை வரைந்த ஊர் இது. 2015 செப்டம்பரில் இங்கே வெறிநாய்க்கடி நோய் பரவி, தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் உத்தரவு வரை போனதும் இதே ஊரில்தான். ஆகவே வைப்பதை ஒழுங்காக வைப்போம்: நேரம் வைத்துக் காய்ந்த பிஸ்கட், பக்கத்தில் சுத்தமான தண்ணீர், தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுதல். பின்சந்தில் கொட்டிவைக்கும் குழம்புச்சோறு எலியைத்தான் கூட்டும், அண்டைவீட்டார் புகாரும் வரும், கடைசியில் பூனைகளுக்கே கேடு. கடித்தாலோ கீறினாலோ புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள்.

எப்போது காலை விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது? ஆண் பூனை மணல்தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், ஓரிரு நாளில் உயிர் போகும். நாய் திராட்சையோ சாக்லேட்டோ சைலிட்டால் மிட்டாயோ தின்றதை நீங்கள் பார்த்திருந்தால், அது நன்றாக இருக்கும்போதே கிளம்புங்கள். பூனை ஒருநாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் மறுநாள் கிளினிக். போகும்போது தின்ற பொருளின் உறையையும், வழக்கமாகப் போடும் பாக்கெட்டின் பின்பக்கப் படத்தையும் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.